ஒரு வருஷ வாரன்டி

“கண்றாவிப் படமெல்லாம் உள்ள கெடக்குதுங்க தம்பி. பொம்பளைப் புள்ளை இருக்கற ஊடு பாருங்க” என்று கம்ப்யூட்டர் பெட்டியை மேஜையில் வைத்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார் கிட்டுசாமி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பேரன் செய்த கூத்துக்கு அவர் தலைகுனிந்து நின்றார்.

பாண்டித்துரைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். திருப்பூர் நல்லூரில் கம்ப்யூட்டர் கடை போட்ட இந்த நாலு வருஷத்தில் இப்படி எத்தனையோ தாத்தாக்களைப் பார்த்துவிட்டான்.

சிபியு பெட்டியைத் திறந்தால், ஃபேனில் ஊதா நிறப் பஞ்சு அப்பிக் கிடந்தது. திருப்பூரில் யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் பஞ்சுதான். பக்கத்துப் பனியன் கம்பெனியில் என்ன கலர் ஓடுகிறதோ அந்தக் கலர். பிரஷ்ஷால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டான்.

பின்பக்கம் ஒரு கார்டைக் கழற்றிய இடம் ஓட்டையாக இருந்தது. கேட்டதற்கு, டிவி பார்க்கிற கார்டாம், அதையும் பேரனிடமிருந்து பிடுங்கிவிட்டாராம். பாண்டித்துரை ஒரு தகரத்தை வைத்து ஓட்டையை அடைத்தான், காசு கேட்கவில்லை.

நாலாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார் பெரியவர். பாண்டித்துரை நியாயமாகத்தான் சொன்னான். ராம் என்கிற மெமரி வெறும் 256 எம்பி இருக்கிறது, அதை ஒரு ஜிபி ஆக்கினால் பெட்டி பறக்கும். ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை. பெரியவர் மசியவில்லை. ராம் எப்படியோ போகட்டும், ஹார்ட் டிஸ்க்தான் புதுசு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விவரம் தெரியாத மனுஷன் என்று பாண்டித்துரை பரிதாபப்பட்டான். புது டிஸ்க் போக மிச்சமிருந்த பணத்துக்கு ராமையும் கொஞ்சம் கூட்டிப் போட்டான்.

“பழசுல இருக்கறத அழிச்சா, யாராச்சும் திரும்ப எடுத்துப்போட மாட்டாங்களா?”

“சும்மா அழிச்சா எடுத்துருவாங்கய்யா. நான் முழுசும் சைபரா எழுதி விட்டுர்றேன். பெறகு அந்த மீனாட்சியே எறங்கி வந்தாலும் எடுக்க முடியாது.”

“அது போதுங்க சாமி.”

வேலை முடிய இரண்டு மணி நேரமாகும். பெரியவர் எங்கும் போகவில்லை. இவனுக்கும் சேர்த்து டீ சொன்னார், குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அவ்வளவு பரிவாகக் கேட்டதும் பாண்டித்துரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அண்ணன் சீனிச்சாமி செத்து இருபது நாள். பெருமாநல்லூர்க் கம்பெனி ஒன்றில் துணி உருளை மெஷினுக்குள் இழுபட்டுச் செத்தான். வேலை வேகமாக ஓடட்டும் என்று உருளைக்கு மேலிருந்த தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். இவர்களுக்கு முகம்கூடக் காட்டாத முதலாளியோ, அவன் குடித்துவிட்டு வந்து தானே கையை விட்டான் என்கிறார். பீடிகூடத் தொடாத மனுஷன். முதலாளி சொன்னதே நின்றுவிட்டால் அண்ணி முத்துப்பேச்சிக்கும் அவள் மகள் ஜோதிகாவுக்கும் நாதியில்லை, குடிகாரன் பெண்டாட்டி பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும்.

நாளைக் காலையில் அதிகாரிகளோடு வக்கீல் லிங்கசாமி கம்பெனிக்குள் போகிறார். முதலாளியால் விலைக்கு வாங்க முடியாத ஒரு சாட்சி உள்ளே இருக்கிறது என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார். யார் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

கிட்டுசாமி உச்சுக்கொட்டினார். மூலையில் அரைகுறையாக நின்ற ஒரு பெட்டியைப் பார்த்து, அது என்னவென்று கேட்டார். ஜோதிகாவுக்காகப் பழைய சாமான்களைப் பொறுக்கிச் சேர்ப்பதாகவும், ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் இன்னும் அமையவில்லை என்றும் பாண்டித்துரை சொன்னான்.

“எம்பட பழசை அந்தப் புள்ளைக்கே வெச்சுக்குங்க. காசெல்லாம் வேண்டாமுங்க.”

பாண்டித்துரை கையெடுத்துக் கும்பிட்டான். இந்த ஊர் மேலேயே வெறுத்துப்போயிருந்தவனுக்கு, அந்த நிமிஷம் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

புது டிஸ்க்கின் மேல் கடைப் பெயர் போட்ட வாரன்டி ஸ்டிக்கரை ஒட்டினான். பெரியவர் குனிந்து பார்த்தார்.

“தேதி போட்டு, உங்க கையெழுத்தும் போட்டுருங்க. நாளப்பின்ன யாருகிட்டப் போட்டதுன்னு கேட்டா காட்டோணுமுங்களே.”

பளிச்சென்று தெரியும்படி பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான்.

மறுநாள் பத்தரை மணிக்கு வக்கீல் போன் செய்தபோது, அந்தப் பழைய டிஸ்க்கை ஜோதிகாவின் பெட்டிக்குள் வைத்து முடுக்கிக்கொண்டிருந்தான். சாட்சி என்ன சொல்லிச்சு என்று ஆவலாகக் கேட்டான்.

அந்த மெஷினுக்கு நேர் மேலே கேமரா இருந்தது என்றார் வக்கீல். நடந்தது அத்தனையும் கம்பெனி கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது என்றார். இப்போது திறந்து பார்த்தால் உள்ளே புது ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றார்.

போனில் அவருக்குப் பின்னாலிருந்து, “ஆபீசருங்களுக்கு டீ குடுங்க சாமி” என்று பரிவான குரல் ஒன்று கேட்டது.

பாண்டித்துரையின் பார்வை குப்பைக்கூடைக்குப் போனது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் அண்ணன் தலைமுடியிலிருந்து அவன் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்ததும் இதே ஊதாப் பஞ்சுதான்.

“புது டிஸ்க்குல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்க தம்பி” என்றார் வக்கீல். “இது உங்க கையெழுத்துங்களா?”