சின்னவன் கையில் சிலுவை

மாதாவின் காலடியில் காணிக்கை கொடுத்த குடும்பம் முழந்தாளிட்டிருக்கும் பழைய ஐரோப்பிய ஓவியம் அது. அதை நகலெடுத்து, முகங்களை மட்டும் லியோன் மொத்தாவின் குடும்பத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மூலத்தில் ஒரு பிள்ளையின் கையில் மட்டும் சிவப்புச் சிலுவை இருந்தது. இறந்துபோனவனுக்கான அடையாளம் அது, விட்டுவிடலாமா என்று கேட்டேன். மொத்தா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சின்னவன் கையில போட்டுருங்க. அவன் அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதிய.”

இன்று அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் கணவரோடும் மூத்தவனோடும் படத்தைப் பார்க்க வந்தார். “சின்னவன் கப்பல்லருந்து பத்து நாளா போன் பண்ணல. வந்து இதப் பாத்தான்னா துள்ளிக் குதிப்பான்” என்றார். பிறகு சிலுவையைக் கவனித்தார்.

“தம்பிக்கு மட்டும் குடுத்தா பெரியவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான், அண்ணாச்சி. இவன் கையிலயும் ஒண்ணு வரஞ்சிருங்க.”

சிவப்பில் தோய்த்த தூரிகையை அவரே எடுத்து நீட்டினார். மொத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன், வரையக் கூடாதா?”