அவன் பங்கு

பூக்கடை முத்தரசி முதுகுக்குள்ள ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி ரெண்டு கிட்னி இருந்துச்சு. தம்பி தனுஷ்கோடிக்கு ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு இவ தன்னோட இடது கிட்னிய எடுத்துக் குடுத்துட்டா.

ஆபரேஷன் முடிஞ்சும் வலது கிட்னி பழக்கத்த விடல. வர்ற ரத்தத்துல பாதிய சுத்தம் பண்ணிட்டு, மீதிய இடதுக்குன்னு ஒதுக்கி, "இது அவன் பங்கு"ன்னு அப்படியே விட்டுச்சு.

கீழ இருந்த மூத்திரப்பை கேட்டுச்சு. "யோவ், எனக்குப் பாதிதான் வருது. மீதிய யாருக்குய்யா எடுத்து வைக்கிற?"

"அவன் வந்து செய்வான்."

"அவன் வரமாட்டான்யா. நீ இப்படியே ஒக்காந்திருந்தா அந்தப் பொம்பள மூஞ்சி வீங்கிப் படுத்துக்கும்."

வலது அந்தப் பங்கையும் எடுத்துச் செஞ்சுச்சு. நாளாக நாளாக அதுக்கு ஒடம்பு பெருத்துச்சு.

"என்னய்யா, எத்தன மாசம்?"னு மூத்திரப்பை கேலி பண்ணுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு அக்காவும் தம்பியும் ஷேர் ஆட்டோவுல நெருக்கியடிச்சு ஒக்காந்தாங்க. தம்பி அடிவயித்துலேர்ந்து பழகின குரல் கேட்டுச்சு.

"டேய் வலது, நல்லா இருக்கியா?"

"இருக்கேன்டா. தப்பா நெனைக்காத, உன் பங்கையும் நானே எடுத்துக்கிட்டேன். ரொம்பக் குண்டாயிட்டேன்."

"அட போடா. இங்க பழைய ஆளுங்க ரெண்டும் சுருங்கிப் படுத்திருக்கு. மொத்த வேலையும் என் தலையிலதான். நானும் குண்டுதான்."

ஆட்டோ ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. ரெண்டும் லேசா இடிச்சுக்கிச்சு.

"அப்ப நாம இன்னும் ஒரே அளவுதான்டா"ன்னுச்சு வலது.