சிங்காரத்தின் மூன்றாவது கூரை

செப்டம்பர் 9, காலை பத்து மணி. எட்டு போல்ட்டுகளைக் கழற்றியதும் சிங்காரம் என்ற நாற்பது வயது ஜீப்பின் ஃபைபர் கூரை தரைக்கு வந்தது.

“மழை பேஞ்சா முதலாளி சீட்டுல குளம் கட்டுது. ஒழுகுற உனக்கு என் தலையில இடமில்ல” என்றது ஜீப்.

“அண்ணே, தண்ணி உங்க முன்கண்ணாடி ரப்பர் வழியா வருது. வெடிச்சுக் கிடக்கு. என்னைக் காயலான் கடையில போட்டுடுவாங்கண்ணே, உண்மையைச் சொல்லுங்க.”

“போற நேரத்துல என் மேல பழி போடாதே.”

முதலாளி சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. மாலைக்குள் இரும்புத் தகட்டில் புதுக் கூரை ஏறியது. பாரம் தாங்காமல் ஜீப் மேட்டில் மூச்சு வாங்கியது. ஆனாலும், “உறுதின்னா இதுதான்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனது.

அக்டோபரில் மழை பிடித்தது. சீட்டில் மறுபடியும் குளம்.

“ஐயா, கண்ணாடி ஓரமாத்தான் வருது” என்றது இரும்புக் கூரை, பணிவாக.

“முந்தினவனும் இதையேதான் சொன்னான். ஒழுகுற கூரையெல்லாம் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.”

காயலான் கடைக்குத் தப்பிய ஃபைபர் கூரை, கொல்லையில் மல்லாந்து எருமைக்குத் தொட்டியாகக் கிடந்தது. விளிம்பு வரை தண்ணீர்.

“ஒரு சொட்டுக்கூட கசியலையே. உன்னை எதுக்குக் கழட்டினாங்க?” என்றது எருமை.

“ஒழுகுறேன்னு.”

டிசம்பர் 4-ஆம் தேதி சிங்காரத்தின் மூன்றாவது கூரைக்கு அளவெடுத்தார்கள்.