ஐந்தாம் கட்டிலின் சான்று

"காத்து பிரிஞ்சுதா?"

டாக்டர் மேங் இதை ஆறு கட்டில்களுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பார். காலமெல்லாம் வயிற்றைத் திறந்து தைக்கிறவர். அவருக்கு அது 'சாப்பிட்டாச்சா' மாதிரி ஒரு விசாரிப்பு.

ஐந்தாம் கட்டிலில் மால்சுன் அம்மா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். மோக்போ மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறவர். பேரம் பேச வருகிறவர்களை வாயாலேயே ஓட ஓட விரட்டுகிறவர். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

பக்கத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் நான்.

குடல் அறுவை முடிந்தவர்களுக்குக் காற்று பிரிகிறவரை கஞ்சி கிடையாது. இது டாக்டர் மேங் வார்டின் சட்டம். குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளமாம். சூயிங்கம் மென்றால், சாப்பாடு வருகிறது என்று ஏமாந்து குடல் சீக்கிரம் விழிக்கும் என்று எங்கேயோ படித்தேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி நூலகத்தில் உட்கார்ந்து கண் பூத்துப்போகிறவரை தேடினேன். சூயிங்கம் கம்பெனி பணம் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று ஆகா ஓகோ என்றிருந்தது. தூக்கி ஓரமாக வைத்தேன். நாலு நோயாளிகளை வைத்துக்கொண்டு குதித்தவர்களையும் நம்பவில்லை. நிறையப் பேரைச் சேர்த்து, யாருக்குக் கம், யாருக்கு இல்லை என்று குலுக்கல் போட்டுப் பிரித்து, ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் பலன் கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

சீக்கிரமே சாப்பாடு கொடுத்துவிடுகிற ஆஸ்பத்திரிகளில் கம்மால் பெரிய லாபமில்லை என்றும் ஓர் ஆய்வு சொன்னது. அதையும் நான் மறைக்கவில்லை. எங்கள் டாக்டரோ கஞ்சியைக் கண்ணில் காட்டாதவர். அப்படியென்றால் இது எங்கள் வார்டுக்கென்றே பிறந்த வைத்தியம்தானே. பல்செட்டில் ஒட்டாத கம் எது என்றுகூட என் மாமனாரை மெல்ல வைத்துப் பார்த்துவிட்டேன். பாவம் மனிதர்.

இவ்வளவையும் கொண்டுபோய் நீட்டினால் டாக்டர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பேப்பர் எல்லாம் இருக்கட்டும் சேரின் சிஸ்டர். அந்த மீன்கடை அம்மாவுக்குக் குடுத்துப் பாருங்க. வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ்ல நான் என் காதால கேக்கணும். இல்லன்னா இந்த வார்டுல இனிமே சூயிங்கம்னு ஒருத்தரும் பேச்செடுக்கக் கூடாது."

ஒரே ஒருத்தரை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது. சொன்னால், எதிர்த்துப் பேசுகிறேன் என்பார். இனி இந்த வார்டுக்கு வரப்போகிற அத்தனை பேருடைய கஞ்சியும் ஓர் அம்மாவின் வயிற்றில் போய் மாட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவருக்கு வேளாவேளைக்குக் கம் கொடுத்தேன். இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

மால்சுன் அம்மா போர்வையை விடவில்லை. கட்டிலுக்கு அந்தப்பக்கம், துணைக்கு இருப்பவர்கள் படுக்கிற குட்டைக் கட்டிலில் அவருடைய கணவர் யாங் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த நாளிலிருந்து நான் அவர் குரலையே கேட்டதில்லை. வீட்டில் பேசுகிற வேலையை எல்லாம் அந்த அம்மாவே எடுத்துக்கொண்டிருப்பார் போல.

"என்ன சிஸ்டர், காதுல ஒண்ணும் விழலையே" என்றார் டாக்டர் மேங். அடுத்த கட்டில் பக்கம் திரும்பவும் திரும்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கேட்டது.

புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி, நீளமாக, அவசரமே இல்லாமல், முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுவையோடு.

இரண்டாம் கட்டில்காரி கை தட்டினாள். எதிர்க்கட்டிலில் இருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தையல் பிரிஞ்சிரும்டி, சிரிக்க வைக்காதீங்கடி" என்று கெஞ்சினாள். மால்சுன் அம்மா மொத்தமாகப் போர்வைக்குள் போய்விட்டார். போர்வை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் மேங்கின் முகம் மலர்ந்துபோனது. தோற்றாலும் பெரிய மனசு.

"கஞ்சி சொல்லுங்க. அடுத்த வாரத்துலேருந்து எல்லாருக்கும் கம் குடுங்க. பாத்தீங்களா சிஸ்டர், இதுக்குப் பேருதான் ஆதாரம். உங்க பேப்பர் கட்டு இல்ல."

அவர் என்ன சொன்னாலும் கோபப்படுகிற நிலையில் நான் இல்லை. எல்லாருக்கும் கம். அது போதும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் போனதும் கஞ்சி வந்தது. வெறும் அரிசிக் கஞ்சிதான், மால்சுன் அம்மா கனவு காண்கிற, எட்டுக்கால் பேய்க்கணவாய் போட்ட கஞ்சி இல்லை. கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தேன். உள்ளே நன்றாகக் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். காதோடு காதாக, "நர்சம்மா, அது நான் இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கஞ்சிக் கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"அட குடும்மா இங்க. எனக்கு விடியக்காலைலயே ஆயிருச்சு. பாத்ரூம்ல, ரெண்டு தடவை. இத்தனை பேரு நடுவுல அதை எப்படிம்மா வாயால சொல்றது."

அப்படியானால் டாக்டர் தன் காதால் கேட்டது?

நான் மெல்லக் குனிந்து கட்டிலுக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். யாங் குட்டைக் கட்டிலில் முதுகு நிமிர்ந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலும் கம் இருந்தது.

"அவளுக்குத்தானே வெக்கம்" என்றார். "எனக்கென்ன."