ஒரே வாய்

அவளுக்காகக் கறியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள் பிலோமி.

மேஜை நடுவில் அடுப்பு. அதன்மேல் கம்பி வலை. அதில் சுருசுருவென்று பன்றிக்கறி. வெட்டியதையே திரும்பத் திரும்ப வெட்டினாள், பல் முளைக்காத பிள்ளைக்குப் பிசைகிறவள் மாதிரி.

செவ்வாய்க்கிழமை அவளுடைய நாக்கில் பாதியை எடுத்துவிடுவார்கள். கட்டி அந்தப் பாதியில் இருந்தது. மிச்சத்துக்கு ருசி தெரியுமா என்று கேட்டதற்கு டாக்டர், உயிர்தானேம்மா முக்கியம் என்றார். நியாயம்தான். அவரா அந்த நாக்கை வைத்துக்கொண்டு சாப்பிடப்போகிறார்?

ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், ஒரே சாப்பாட்டு மேஜை, அவளும் பிலோமியும் வேணியும். கொரியாக்கார மேனேஜர்கள் போகிற இந்த ஓட்டலைக் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரு நாளாவது உள்ளே போய்ச் சாப்பிட வேண்டும் என்பாள் அவள். கூட்டிவந்துவிட்டார்கள், தங்கங்கள்.

கூட்டிவந்து கஞ்சி வாங்கிக் கொடுத்தார்கள்.

வெள்ளைக் கஞ்சி. உப்பைக்கூட யோசித்துப் போட்டிருந்தார்கள். "காரமே ஆகாதுண்ணே, வாயெல்லாம் புண்ணு" என்று பரிமாறுகிறவரிடம் வந்தவுடனேயே சொல்லிவிட்டாள் பிலோமி. பச்சைமிளகாயும் சிவப்பு விழுதும் இருந்த கிண்ணங்கள் மேஜையின் மறுகோடிக்குப் போயின.

வேணிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"கேன்டீன் சோத்தத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சுடி."

சொன்ன பிறகுதான் வேணிக்கு உறைத்தது. பேயறைந்தவள்போல் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் கஞ்சியைப் பார்த்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு தங்கைகளைக் கரையேற்றியவள். நமக்கென்ன, பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதானே இருந்தாள்?

பக்கத்து மேஜையில் ஒரு கொரியாக்காரர் பெரிய கீரை இலையில் கறியை வைத்து மடித்தார். கடிக்கவில்லை. அப்படியே வாய்க்குள் தள்ளினார். அதுதான் முறை, ஒரே வாயில் போட வேண்டும் என்றார் பரிமாறுகிறவர்.

அவள் கஞ்சியைத் தள்ளிவைத்தாள்.

எழுந்து, எட்டி, கிண்ணங்களை இழுத்தாள்.

இலை. கறி. பூண்டு. பச்சைமிளகாய். சிவப்பு விழுது ஒரு கரண்டி.

மடித்தாள்.

"ஏய், வேணாண்டி!" பிலோமி கையைப் பிடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

எரிந்தது. உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது.

"துப்புடி. துப்பித் தொலைடி." பிலோமி அவள் வாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினாள்.

அவள் துப்பவில்லை. எரிச்சலுக்கு அடியில் புகை வாசனை வந்தது. பூண்டு வந்தது. கொழுப்பின் தித்திப்பு வந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது. மென்று மென்று, மனசில்லாமல் விழுங்கினாள்.

ஏந்திய கை அப்படியே இருந்தது.

பிலோமி அந்தக் கையில் ஓர் இலையை எடுத்து வைத்தாள். கறி வைத்தாள். ஒரு மிளகாயைக் கையில் எடுத்துத் தயங்கினாள். பிறகு அதோடு இன்னொன்றும் சேர்த்து வைத்து மடித்தாள்.

"ஆ காட்டு" என்றாள். குரல் உடைந்திருந்தது. "மெதுவா மெல்லு. ஒண்ணும் அவசரமில்ல."