அணைத்து வைத்த பட்டை

வெறும் பேச்சிலேயே மனத்தை ஆற்றிவிடலாம் என்று பல வருடம் நம்பிய மனநல ஆலோசகர் மெர்லின், அது போதாமல்தான் உடலையும் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சிகிச்சை முறைக்கு மாறினாள். மணிக்கட்டில் ஒரு மின்பட்டையைக் கட்டி இயக்கினால் எதிரில் இருப்பவரின் வலி அவள் உடம்பிலும் ஏறும். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்லவே வேண்டியதில்லை.

இன்று அவளுக்குக் களைப்பு. மகளைப் பறிகொடுத்த இசக்கிமுத்து வந்து உட்கார்ந்தபோது பட்டையைக் கட்டியிருந்தாள், ஆனால் அணைத்து வைத்திருந்தாள்.

அவர் பாளையங்கோட்டை மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குத் தெளிவா இருக்கீங்க,” என்றாள்.

“அதெல்லாம் இல்ல தாயி. போன தடவ நான் அழுதப்ப நீங்க நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டிய. எனக்குத்தான் மனசு கேக்கல. வீட்டுல போயி அழுதுக்கிடலாம்னு அடக்கிட்டு இருக்கேன்.”

மெர்லின் மேசைக்கடியில் கையைக் கொண்டுபோய்ப் பட்டையை இயக்கினாள். இவ்வளவு நேரமும் தனக்கு எதுவுமே வலிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடக்கி வைத்திருந்த அழுகை அவள் மூச்சை அடைத்தது.

இசக்கிமுத்து பதறி எழுந்து தண்ணீரை நீட்டினார்.

“பொறுங்க தாயி. இன்னும் கொஞ்சம் அடக்கிக்கிடுதேன்.”