இரண்டு கல்லுக்கு நடுவே

சக்கர நாற்காலி நின்றுவிட்டது.

அவள் சக்கரத்தை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். இடது சக்கரம் ஒரு கல்லிலும் வலது சக்கரம் மற்றதிலும் முட்டிக்கொண்டு நின்றன.

நடைபாதையின் புதுச் சரிவில் அவ்வளவு அழகாக ஏறி வந்தவள்தான். யார் கையும் படாமல்.

ரிப்பன் வெட்டிய பெரியவர்கள் காபி குடித்துவிட்டுக் காரில் கிளம்பியாயிற்று. புது நடைபாதையில் ரிப்பன் துண்டு மட்டும் கிடந்தது. கடைத்தெரு முழுக்கக் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்திருந்தது. வேறு எதற்கு? அவள் ஏறுவதைப் பார்க்கத்தான்.

இத்தனை வருஷமாக அவளை ஏற்றியதே இந்தத் தெருதான். பழைய நடைபாதை முழங்கால் உயரம். காலையில் அவள் வந்ததும் லோடுமேன் சுடலைமுத்து ஒரு பக்கம், பாத்திரக்கடை அய்யாக்குட்டி மறுபக்கம். நாற்காலியோடு அவளைத் தூக்கி அவளுடைய மேட்சிங் சென்டர் வாசலில் வைப்பார்கள். சாயங்காலம் இறக்குவார்கள்.

"அம்மன் பொறப்பாடு! வழி விடுங்கப்பா!"

ஜவுளிக்கடை பிச்சையா தினமும் இதையே சொல்வார். தினமும் இப்போதுதான் தோன்றியதுபோலச் சிரிப்பார்.

அவளும் சிரிப்பாள். ஒரு கையால் சேலையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்த தெருவுக்கு ஒன்று மட்டும் தெரியாது. காலையில் எழுந்ததிலிருந்து கடை அடைக்கும்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் நடுவில் வீட்டுக்குப் போக வேண்டும். போவதென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்பார்கள்.

நல்லவர்கள். அதனால்தான் கேட்பார்கள்.

இன்று இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

நகராட்சி இன்ஜினியர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சரிவுக்காக மனுஷன் எத்தனை தடவை அவள் கடைக்கு வந்திருப்பார்! பலகையைச் சாய்த்து வைப்பார். அவளை ஏறச் சொல்வார். "கையை இழுக்குதாம்மா?" என்பார். இழுக்கிறது என்றால் பலகையை இன்னும் தாழ்த்துவார். "வீட்டம்மாவுக்கு எத்தனை ரவிக்கைதான் சார் தைக்கிறாங்க, தினம் மேட்சிங் எடுக்க வாறீங்க?" என்று பிச்சையா கேட்டே விட்டார். தெரு சிரித்தது. அவருடைய காது சிவந்தது. மறுநாளும் பலகையோடு வந்தார்.

கல்லைப் பற்றி அவளைக் கேட்கவில்லை.

அது பைக்குக்காக. சரிவு இருந்தால் பைக்குகள் ஏறிவிடுமே என்று நேற்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. சாயங்காலமே சரிவின் உச்சிக்கு இடுப்பு உயரத்தில் இரண்டு கருங்கல் தூண்கள் வந்து இறங்கின. இன்ஜினியர் தன் பைக்கைத் தள்ளிப் பார்த்தார். ஹேண்டில்பார் மாட்டியது. ஸ்கூட்டி புகுந்துவிடக் கூடாதே என்று தூண்களை இன்னும் கொஞ்சம் நெருக்கி ஊன்றச் சொன்னார்.

சரிவுக்கு அவளைக் கேட்டவர், கல்லுக்கு பைக்கைக் கேட்டார்.

டீக்கடையில் வடை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

சுடலைமுத்து துண்டை உதறித் தலையில் கட்டினான். அய்யாக்குட்டி கைலியை மடித்துக் கட்டினான். இருவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில், சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. சரிவுக்கு சிமெண்ட் பூசிய நாளிலிருந்து சீட்டுக் கிழிந்தவர்கள் மாதிரித்தானே இருவரும் திரிந்தார்கள்.

"விடுங்கக்கா. நாங்க எதுக்கு இருக்கோம்?"

"அம்மன் பொற..." என்று ஆரம்பித்தார் பிச்சையா. அவள் திரும்பிப் பார்த்தாள். மிச்சம் அவர் வாய்க்குள்ளேயே நின்றது.

நாலு கைகள் நாற்காலியைப் பற்றின. பீடி வாசனை. சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவது அவளுக்கு உடம்பில் தெரிந்தது. பழக்கத்தில் கை முழங்காலுக்குப் போய்ச் சேலையைச் சேர்த்துப் பிடித்தது.

பிடித்த கையை எடுத்தாள்.

"என்னைத் தூக்காதீங்க. இந்தக் கல்லைத் தூக்குங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் தெருக்கோடிவரை கேட்டது.

நாற்காலி தரையில் இறங்கியது. இருவரும் கல்லைப் பார்த்தார்கள். அடியில் சிமெண்ட் இன்னும் இறுகாமல் பச்சையாக இருந்தது. பிறகு இன்ஜினியரைப் பார்த்தார்கள்.

தெருவே இன்ஜினியரைப் பார்த்தது.

சரி என்று அவர் சொல்ல முடியாது. மேலே கேட்பார்கள். கூடாது என்று சொல்வதானால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பிக் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்வரிசை நாட்டு மருந்துக் கடையின் போர்டைப் படிக்கத் தொடங்கினார்.

சுக்கு. திப்பிலி. கடுக்காய்.

பின்னால் ஒரு கடப்பாரை தரையில் இழுபட்டு வந்தது.

மாசிக்காய். ஜாதிக்காய். வசம்பு.

பிச்சையா துணி மடிக்க உள்ளே போனார். டீக்கடைக்காரர் வடைச் சட்டிக்குள் குனிந்துகொண்டார். மற்றவர்களுக்கும் உள்ளே திடீரென்று வேலை வந்துவிட்டது. இந்தத் தெரு பிறந்ததிலிருந்து இப்படி ஒரு காலையில் எதையுமே பார்க்காமல் இருந்ததில்லை.

போர்டு முடிந்துவிட்டது.

அவர் அடுத்த கடையின் போர்டுக்குப் போனார்.